பழைய இழைப்பு மெஷினைப் பார்த்து வாங்குவதும் திரும்பப் பூட்டுவதும்

வடசென்னையில் ஒரு மரப்பட்டறை மூடப்படும் சேதி டீக்கடை வழியாகத்தான் முதலில் வரும். வியாசர்பாடியிலோ கொருக்குப்பேட்டையிலோ பெரியவர் ஒருவர் வயதாகிவிட்டது என்று பட்டறையைக் காலி செய்வார். மெஷின் ஒன்று மூலையில் கிடக்கும். எடைக்குப் போட அவருக்கு மனசு வராது. "வேலை செய்ற பையன் எவனாவது இருந்தா சொல்லுபா" என்று நாலு பேரிடம் சொல்லி வைப்பார். அந்தப் பையன் நீங்களாக இருந்தால், போய்ப் பார்ப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

நான் பேசுவது மல்டி பர்பஸ் மெஷின் என்று நாம் சொல்லும் இரும்பு வார்ப்பு மெஷினைப் பற்றி. உடல் ஒன்று, மோட்டார் ஒன்று, சுற்றும் தண்டான ஷாஃப்ட் ஒன்று. ஷாஃப்டின் நடுவில் மரத்தை இழைக்கும் கட்டர் பிளாக். ஒரு முனையில் வட்ட ரம்பம். மறு முனையில் துளை போடும் சக்கும், அதற்கென்று தள்ளி இழுக்கிற சின்ன டேபிளும். சற்றுப் பெரிய மெஷின் என்றால் அடியில் பலகையைச் சீரான கனத்துக்குக் கொண்டுவரும் திக்னெஸ்ஸரும் இருக்கும். ஒரு சின்னப் பட்டறைக்கு வேண்டியதெல்லாம் ஆறடி இடத்துக்குள் அடங்கிவிடும்.

ஒன்றை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த மெஷினுக்குத் தாய் அந்த ஷாஃப்ட்தான். டேபிள், மரத்தை ஒட்டித் தள்ளும் சட்டமான ஃபென்ஸ், ரம்பம், துளை என்று எல்லாவற்றின் நேரும் ஷாஃப்டிலிருந்துதான் பிறக்கிறது. வாங்கும்போது பார்க்க வேண்டியதும் அதைத்தான், திரும்பப் பூட்டும்போது முதலில் நிலைநிறுத்த வேண்டியதும் அதைத்தான். புதிதாக வருகிறவர்கள் பெயின்டைப் பார்க்கிறார்கள், மோட்டார் சத்தத்தைக் கேட்கிறார்கள், வாங்கிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் வாங்கினேன். அதை நடுவில் சொல்கிறேன்.

கையில் என்ன கொண்டு போவது

இரண்டு அல்லது மூன்று அடி நீளத்தில் நேரான இரும்புப் பட்டை ஒன்று. இடைவெளி அளக்கும் மெல்லிய இரும்பு இலைகளான ஃபீலர் கேஜ் ஒரு செட். டார்ச். ஒரு சின்ன பாட்டிலில் மண்ணெண்ணெய், ஒரு சாக்பீஸ், பழைய வேட்டித் துணி. ஸ்பானர், ஸ்க்ரூ டிரைவர். காசிமேட்டில் வாங்கிய தூண்டில் நரம்பு பத்தடி. கடைசியில் சொன்னதற்குச் சிரிக்க வேண்டாம், ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்கும் கருவி செய்கிற வேலையை அந்த நரம்பு செய்யும்.

பகல் வெளிச்சத்தில் போங்கள். "நான் வர்ற வரைக்கும் மெஷினை ஓட்டாதீங்கண்ணே" என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். போனதும் முதலில் மோட்டார் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்குமுன் யாரோ ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். ஆறிக் கிடக்கும் மெஷினை முதல்முறை ஓட்டும்போதுதான் கெட்டிப்பட்ட கிரீஸும் தேய்ந்த பேரிங்கும் தங்கள் குரலைக் காட்டும்.

மோட்டாரைக் கடைசியில் பாருங்கள்

விற்கிறவர் முதலில் மோட்டாரைத்தான் போட்டுக் காட்டுவார். "ஓடுது பாரு தம்பி, வேற இன்னா வேணும்?" என்பார். அவர்மேல் தப்பில்லை, அவர் கண்ணுக்கு ஓடுகிற மெஷின் நல்ல மெஷின். ஆனால் மோட்டார் கெட்டால் காயில் கட்டிக்கொள்ளலாம், வேறு மோட்டாரே வாங்கிப் போடலாம். பேரிங், பெல்ட், பிளேடு எல்லாம் மண்ணடியிலும் பிராட்வேயிலும் கிடைக்கும். கிடைக்காதது வார்ப்பும் ஷாஃப்டும்தான். அவை இரண்டும் கெட்டுப் போனால் உங்களிடம் இருப்பது பழைய இரும்பு.

ஆகவே வார்ப்பிலிருந்து தொடங்குங்கள். வார்ப்பிரும்பு வளையாது, விரிசல் விடும். டேபிளின் வாய்ப்பகுதி, அதாவது கட்டர் பிளாக்கை ஒட்டிய மெல்லிய உதடு, டேபிள் ஏறி இறங்கும் சரிவுக் கட்டை, பேரிங் உட்காரும் வீடு, கால்கள் சேரும் மூலை இவைதான் விரிசல் விழும் இடங்கள். சின்னச் சுத்தியால் மெல்லத் தட்டுங்கள். நல்ல வார்ப்பு கணீரென்று பேசும். விரிசல் இருந்தால் சத்தம் உடைந்து வரும். சந்தேகம் வந்த இடத்தில் மண்ணெண்ணெய் தடவி ஐந்து நிமிடம் விடுங்கள். நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸைத் தூளாக்கித் தேயுங்கள். விரிசலுக்குள் போன எண்ணெய் கொஞ்ச நேரத்தில் வெளியே கசிந்து, வெள்ளைத் தூளில் ஒரு ஈரக்கோடாகத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசலையும் இது காட்டிக்கொடுக்கும்.

பெயின்ட் இருந்தால் இந்தச் சோதனை நடக்காது. அதனால்தான் புதிதாகப் பெயின்ட் அடித்த பழைய மெஷினைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. நான் வாங்கிய முதல் மெஷின் பளபளவென்று பச்சை பெயின்டில் இருந்தது. மூன்று மாதம் ஓட்டினேன். தேக்கில் ஒரு வீட்டுக்கு நாலு கதவு செய்தேன், நாலும் முறுக்கிக்கொண்டு நின்றன. மரம் காயவில்லை என்று மரக்கடைக்காரரிடம் சண்டை போட்டேன். பிறகு டேபிளைக் கழற்றிப் பெயின்டைச் சுரண்டியபோது, பின் டேபிளின், அதாவது இழைத்த மரம் வந்து ஏறும் டேபிளின், அடியில் ஒரு ஜாண் நீளத்துக்கு விரிசல், அதை மக்கு வைத்து அடைத்திருந்தார்கள். மரக்கடைக்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அந்தக் கதவுகளைத் திரும்பச் செய்து கொடுத்த செலவு மெஷின் விலையில் பாதி. இன்றைக்கு யார் என்னை மெஷின் பார்க்கக் கூப்பிட்டாலும் பெயின்டைச் சுரண்டச் சம்மதமா என்று கேட்டுவிட்டுத்தான் கிளம்புகிறேன்.

டேபிள் மேல் துரு இருப்பது வேறு விஷயம். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் கடற்காற்று படுகிற பட்டறையில் துரு இல்லாத டேபிள் கிடையாது. நகத்தால் தடவும்போது வழவழப்பாக இருந்தால் மேல்துரு, அது போய்விடும். குழி குழியாகத் தட்டுப்பட்டால் ஆழத் துரு. வட்டமாக ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு மூன்று கறை வரிசையாக இருந்தால் பயப்படாதீர்கள். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டைத் துடைக்காமல் விட்டிருக்கிறார்கள்.

அடுத்து நேர் பார்ப்பது. இரும்புப் பட்டையை டேபிளின் நீளவாக்கில், அகலவாக்கில், மூலைக்கு மூலை என்று வைத்து, பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். வெளிச்சம் கசிகிற இடத்தில் ஃபீலர் கேஜை நுழையுங்கள். ஓரடிக்குக் கால் மில்லிக்கு மேல் இலை நுழைந்தால் விலையைப் பற்றி மறுபடி யோசிக்க வேண்டும். பிறகு தூண்டில் நரம்பு. முன் டேபிள், பின் டேபிள் இரண்டையும் ஒரே மட்டத்துக்கு ஏற்றிவிட்டு, நான்கு மூலைகளுக்கும் குறுக்கே இரண்டு நரம்புகளைப் பெருக்கல் குறி போல இழுத்துக் கட்டுங்கள். நடுவில் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் இருந்தால் முறுக்கு இல்லை. இடைவெளி விழுந்தாலோ ஒன்று மற்றதை அழுத்தினாலோ முறுக்கு இருக்கிறது. முறுக்கு எல்லாம் கெட்ட சேதி அல்ல, பல நேரம் சரிவுக் கட்டையில் தேய்மானம் அல்லது அடியில் வைத்த தகடு தொலைந்து போனதுதான் காரணம்.

ஷாஃப்டும் கட்டர் பிளாக்கும்

மெயினை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெல்ட்டைக் கழற்றுங்கள். பெல்ட் இருக்கும்போது ஷாஃப்டைச் சுற்றிப் பார்த்தால் மோட்டார் பேரிங்கும் சேர்ந்து பேசும், எது எதன் குரல் என்று தெரியாது. கட்டர் பிளாக்கைக் கையால் தொடாமல் புல்லியைப் பிடித்துச் சுற்றுங்கள். ஸ்க்ரூ டிரைவரின் நுனியைப் பேரிங் வீட்டில் வைத்து, கைப்பிடியைக் காதெலும்பில் ஒட்டிக் கேளுங்கள். சீரான "ஸ்ஸ்" என்றால் சரி. மணல் அரைவது போல, கடகடவென்று தட்டுவது போல வந்தால் பேரிங் போய்விட்டது. அதுகூட அவ்வளவு பெரிய செலவில்லை. ஷாஃப்டை மேலும் கீழும் தூக்கிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால், பேரிங் ஆடுகிறதா அல்லது பேரிங் உட்காரும் ஷாஃப்ட் தேய்ந்திருக்கிறதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஷாஃப்ட் தேய்ந்திருந்தால் லேத்துக்குப் போக வேண்டிவரும்.

ஷாஃப்ட் வளைந்திருக்கிறதா என்பதை, மயிரளவு ஆட்டத்தையும் முள்ளில் காட்டும் டயல் கேஜ் வைத்துத்தான் சொல்ல முடியும். 1955இல் தொடங்கிய ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையின் புண்ணியத்தில் பெரம்பூர், அயனாவரம், வில்லிவாக்கம் பக்கம் தெருவுக்கு ஒரு ஓய்வு பெற்ற ஃபிட்டராவது இருப்பார். அவர் வீட்டு இரும்புப் பெட்டியில் டயல் கேஜ் இருக்கும். "சார், ஒரு ஷாஃப்ட் பாக்கணும்" என்று மரியாதையாகக் கேட்டால், கேஜை மட்டும் கொடுக்க மாட்டார், சட்டையை மாட்டிக்கொண்டு கூடவே வருவார். ரம்பம் மாட்டும் முனையில் முள் 0.05 மில்லிக்குள் ஆடினால் நல்ல ஷாஃப்ட்.

கட்டர் பிளாக் உருளையா சதுரமா என்று பாருங்கள். மிகப் பழைய மெஷின்களில் சதுரக் கட்டை மேல் பிளேடை போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். அந்தச் சதுரம் சுற்றும்போது டேபிளுக்கும் கட்டைக்கும் நடுவே பெரிய பள்ளம் திறந்து மூடும், விரல் வழுக்கினால் உள்ளே இழுத்துக்கொள்ளும். உருளை பிளாக்கில் பிளேடு ஒரு மில்லி அளவுதான் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதுவும் வெட்டும், ஆனால் விரலை உள்ளே இழுத்துப் போகாது. சதுர பிளாக் என்றால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்காதீர்கள். உருளை பிளாக் செய்து மாட்டிவிட்டுத்தான் ஓட்டுவேன் என்றால் மட்டும் விலை பேசுங்கள்.

தண்ணீர் ஏறிய மெஷின்

2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் நம் பக்கத்துப் பட்டறைகள் பல இடுப்பளவு தண்ணீரில் நின்றன. அந்தத் தண்ணீரில் நின்ற மெஷின்கள் இன்றும் விற்பனைக்கு வருகின்றன. ஸ்டாண்டின் உள்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரே மட்டத்தில் ஓடும் சேற்றுக் கோடு இருந்தால் தண்ணீர் அதுவரை ஏறியிருக்கிறது. மோட்டார் அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தால், ஓடினாலும் நம்ப வேண்டாம். எலக்ட்ரீஷியனை வைத்து, மின்கசிவு பார்க்கும் மெக்கர் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். காயிலுக்கும் உடம்புக்கும் நடுவே 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் அந்த மோட்டாரில் மின்சாரம் கொடுக்கவே கூடாது. வார்ப்புக்குத் தண்ணீரால் பெரிய கேடு இல்லை. பேரிங்குக்குள் போன சேறுதான் மெல்லக் கொல்லும்.

கடைசியாக, கூட வரும் சாமான்களை எண்ணுங்கள். ஃபென்ஸ், ரம்பத்தின் மூடி, ரம்பத்துக்குப் பின்னால் நிற்கும் பிளவுத் தகடு, கட்டரை மூடும் கார்டு, துளை டேபிளின் கைப்பிடி, சக், பிளேடைப் பிடிக்கும் அழுத்துகட்டைகள், டேபிள் ஏற்றும் சக்கரம். மூடியும் தகடும் பெரும்பாலும் இருக்காது. "அது தொந்தரவு, கழட்டிப் போட்டுட்டோம்" என்பார்கள். எங்கே போட்டார்கள் என்று கேட்டுப் பரணில் தேடச் சொல்லுங்கள். விலை பேசும்போது எடைக்குப் போட்டால் என்ன கிடைக்குமோ அதை அடிவிலையாக வைத்து, அங்கிருந்து மேலே ஏறுங்கள்.

பிரித்து எடுத்து வருவது

வார்ப்பு மெஷின் இருநூறு கிலோவுக்குக் குறையாது. நம் தெருக்களில் குட்டி யானை வேன் நுழையாத இடத்தில் மூன்று சக்கர மீன்பாடி வண்டிதான் கதி. எப்படியானாலும் டேபிளைப் பிடித்துத் தூக்காதீர்கள், உடலில் கயிறு போடுங்கள். நிற்கவைத்தே கொண்டுவர முடிந்தால் பிரிக்க வேண்டாம். முடியாது என்றால் மட்டும் பிரியுங்கள்.

பிரிப்பதற்கு முன் ஒவ்வொரு பக்கமும் போனில் படம். ஒவ்வொரு இணைப்பிலும், சேரும் இரண்டு துண்டுகளிலும், சென்டர் பஞ்ச் வைத்து ஒரே எண்ணிக்கையில் புள்ளி. முதல் இணைப்புக்கு ஒன்று, இரண்டாவதற்கு இரண்டு. சாக்பீஸ் குறி வழியிலேயே அழிந்துவிடும், புள்ளி அழியாது. ஒவ்வொரு இணைப்பின் நட்டு போல்ட்டையும் தனித்தனிப் பையில் போட்டு, அந்தத் துண்டோடேயே கட்டுங்கள்.

டேபிளைத் தூக்கும்போது அடியில் மெல்லிய பித்தளைத் தகடோ தகரத் துண்டோ ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். யாரோ ஒரு ஃபிட்டர் நாள் முழுக்க உட்கார்ந்து மட்டம் பார்த்து வைத்தது அது. குப்பை என்று தட்டிவிட்டால் அவருடைய ஒரு நாள் உழைப்பை நீங்கள் மூன்று நாள் செய்வீர்கள். எந்த மூலையில் எத்தனை என்று எழுதி, அதே மூலையில் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள்.

ரம்பத்து நட்டு திரும்பவில்லை என்றால் சுத்தியால் அடிப்பதற்கு முன் நின்று யோசியுங்கள். ஓடும்போது தானாக இறுகும் திசையில்தான் அந்த மறை போட்டிருப்பார்கள். ஒரு முனையில் அது இடதுமறையாக இருக்கும். வழக்கமான பக்கம் திருப்பினால் கழற்றவில்லை, இன்னும் இறுக்கிக்கொண்டிருக்கிறீர்கள். புல்லியைக் கழற்றும்போது அதை ஷாஃப்டோடு பூட்டும், காடியில் இருக்கும் சின்னச் சாவித் துண்டு தெறித்து விழும். கீழே ஒரு துணியை விரித்துவிட்டுக் கழற்றுங்கள்.

கழுவுதல்

மரப்பிசினும் கிரீஸும் மரத்தூளும் சேர்ந்து கல்லாகியிருக்கும். மண்ணெண்ணெயில் ஊறவிட்டு, மரச் சிராயால் சுரண்டுங்கள். டேபிளுக்கு 320 நம்பர் உப்புத்தாளை மரக்கட்டையில் சுற்றி, மண்ணெண்ணெய் தொட்டு, நீளவாக்கிலேயே தேயுங்கள். கிரைண்டரை டேபிள் பக்கம் கொண்டுவரக் கூடாது. அரை நிமிடத்தில் அது தோண்டும் பள்ளத்தை மெஷின் ஷாப்பில் கொடுத்துச் சீவித்தான் எடுக்க வேண்டும். தேய்த்து முடித்ததும் துடைத்து, மெழுகுவத்தியைத் தேய்த்துத் துணியால் பளபளக்க வையுங்கள். மரமும் வழுக்கும், துருவும் அண்டாது.

பேரிங்

பிரித்தது பிரித்தாயிற்று, பேரிங்கை மாற்றிவிடுங்கள் என்பதே என் கட்சி. எண் வளையத்திலேயே பொறித்திருக்கும். 6205 என்றால் கடைசி இரண்டு இலக்கத்தை 5ஆல் பெருக்குங்கள், 25 மில்லி ஷாஃப்ட். 6206 என்றால் 30 மில்லி. எண் அழிந்திருந்தாலும் ஷாஃப்டை அளந்து இப்படித் தேடலாம். கடையில் இரண்டு பக்கமும் ரப்பர் மூடி உள்ள 2ஆர்எஸ் கேளுங்கள். தகர மூடி போட்டதைவிட அதுதான் மரத்தூளைத் தடுக்கும். பெட்டி பிரபலமான பெயரில் இருந்து விலை பாதியாக இருந்தால் அது போலி. பழகிய கடையில் ரசீதோடு வாங்குங்கள்.

மாட்டும்போது அடி உள்வளையத்தில் மட்டுமே விழ வேண்டும். உள்வளையத்தின் அளவுக்கு ஒரு குழாய்த் துண்டை வைத்து, நேராக, மெல்ல மெல்லத் தட்டி இறக்குங்கள். வெளிவளையத்தில் தட்டினால் அந்த அதிர்ச்சி குண்டுகள் வழியாகப் போகும். புது பேரிங் முதல் நாளிலேயே பள்ளம் விழுந்து, மாதத்துக்குள் கத்த ஆரம்பிக்கும்.

பூட்டும் வரிசை

முதலில் தரை. நாலு காலும் தரையில் பதிந்து ஆடாமல் நிற்கும்வரை தகடு வையுங்கள். ஆடுகிற மெஷினைத் தரை போல்ட் போட்டு இறுக்கி உட்காரவைத்தால் வார்ப்பு முறுக்கிக்கொள்ளும். பிறகு மேலே எத்தனை மட்டம் பார்த்தாலும் நிற்காது. ரசமட்டம் நடுவில் நிற்பதைவிட முறுக்கு இல்லாமல் நிற்பது முக்கியம்.

பிறகு ஷாஃப்ட், பேரிங் வீடுகளோடு. இனி எதையும் அளப்பது இதிலிருந்துதான். பிளேடு மாட்டாத கட்டர் பிளாக்கின் வெற்று உருளையை வைத்து, பின் டேபிள் அதற்கு இணையாக இருக்கிறதா என்று பாருங்கள். டயல் கேஜ் இல்லையென்றால் ஒரு மரக்கட்டையில் ஸ்க்ரூ ஒன்றை ஏற்றி, கட்டையைப் பின் டேபிளில் வைத்து, ஸ்க்ரூ நுனி உருளையைத் தொடும்படி வலது ஓரத்தில் சரிசெய்யுங்கள். கட்டையை அப்படியே இடது ஓரத்துக்குத் தள்ளுங்கள். இடைவெளி விழுந்தால் ஃபீலர் கேஜ் எவ்வளவு என்று சொல்லும், அந்த அளவு தகடு டேபிளுக்கு அடியில். இது பொறுமையைச் சோதிக்கும் வேலை. அரை நாள் ஆனாலும் இங்கே செலவிடுங்கள். பின் டேபிள் நின்றுவிட்டால் முன் டேபிளை அதற்கு இணையாக்குவது ஒரு மணி நேர வேலை, அதே பட்டை, அதே நரம்பு.

பிளேடு மாட்டுவதற்கு முன் மின்சாரம். வீட்டு இணைப்பில் பட்டறை ஓட்டக் கூடாது, மின்வாரியத்தில் அதற்கென்று தனி இணைப்பு கேளுங்கள். மோட்டாரைப் பெல்ட் இல்லாமல் ஓட்டி எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பாருங்கள். த்ரீ பேஸில் திசை மாறியிருந்தால் மூன்றில் எந்த இரண்டு ஒயரையும் இடம் மாற்றினால் திரும்பிவிடும். தவறான திசையில் ஓடினால் ரம்பத்து நட்டு தானாகக் கழன்றுவரும், அது விளையாட்டு இல்லை. ஸ்டார்ட்டர், கரண்ட் போனால் விழுந்துவிட்டு, வந்ததும் தானாகப் பிடிக்காத வகையாக இருக்க வேண்டும். சாதா சுவிட்சில் ஓடும் மெஷினில் கரண்ட் போன நேரம் பிளேடைத் துடைக்கக் கை வைத்தவர்களின் கதை நம் பக்கத்தில் ஒவ்வொரு பட்டறைக்கும் ஒன்று இருக்கிறது. பச்சை எர்த் ஒயர் மெஷின் உடம்பில் கட்டாயம் முடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

இப்போது பிளேடு. ஒரு செட்டில் உள்ள பிளேடுகளையும் அழுத்துகட்டைகளையும் நகைக்கடைத் தராசு போன்ற நுட்பத் தராசில் எடை போடுங்கள். எடை வித்தியாசம் இருந்தால் நிமிடத்துக்கு நாலாயிரத்துச் சொச்சம் சுற்றில் மெஷின் நடுங்கும். சாணைக்காரரிடம் சொன்னால் கனத்ததைத் தேய்த்துச் சமமாக்குவார். பிளேடை மாட்டி லேசாக முடுக்குங்கள். ஒரு நேரான மரச் சிம்பைப் பின் டேபிளில் வைத்து, கட்டர் பிளாக்கின் மேல் நீளும்படி விட்டு, பின் டேபிளின் உதடு எங்கே இருக்கிறதோ அங்கே சிம்பில் கோடு போடுங்கள். புல்லியைப் பிடித்து ஓடும் திசையில் ஒரு சுற்று. பிளேடு சிம்பைக் கொஞ்சம் இழுத்து விடும். மறுபடி கோடு. இரண்டு கோட்டுக்கும் நடுவே மூன்று மில்லி இருந்தால் சரி. பிளேடின் வலது ஓரம், இடது ஓரம், பிறகு அடுத்த பிளேடு என்று எல்லா இடத்திலும் அதே மூன்று மில்லி வரவேண்டும். போல்ட்டுகளை நடுவிலிருந்து ஓரத்துக்கு, மூன்று தவணையாக இறுக்குங்கள். இறுக்கி முடித்ததும் சிம்பை மறுபடி வைத்துப் பாருங்கள், இறுக்கும்போது பிளேடு எழும்பும் பழக்கம் அதற்கு உண்டு.

ஃபென்ஸை மூலைமட்டம் வைத்துப் பின் டேபிளுக்குச் செங்குத்தாக நிறுத்துங்கள், அவ்வளவுதான். துளை டேபிளும் ஷாஃப்டுக்கு இணையாக இருந்தபடியே ஏறி இறங்கினால் போதும். பிட் வாங்கும்போது அந்த முனை எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்த்து வாங்குங்கள், சில மெஷினுக்கு இடதுசுற்று பிட்தான் வெட்டும்.

ரம்பத்தில் ஒரு கணக்கு உண்டு. மோட்டார் 2880 சுற்று. மோட்டாரில் 5 அங்குலப் புல்லி, ஷாஃப்டில் 3 அங்குலப் புல்லி என்றால் ஷாஃப்ட் 4800 சுற்று ஓடும். இழைப்புக்கு அது நல்ல வேகம். ஆனால் அதே ஷாஃப்டின் முனையில் 12 அங்குல ரம்பம் மாட்டினால் பல்லின் நுனி நொடிக்கு 76 மீட்டருக்கு மேல் போகும். ரம்பத் தட்டில் அதிகபட்சச் சுற்று எண் அச்சடித்திருக்கும். உங்கள் புல்லிக் கணக்கு அதற்குக் கீழே இருக்க வேண்டும். எண் இல்லாத ரம்பத்தை வாங்காதீர்கள். பிளவுத் தகடு பல்லுக்குப் பின்னால் 3 முதல் 8 மில்லி தள்ளி, ரம்பத் தட்டைவிடக் கனமாகவும் அது வெட்டும் காடியைவிட மெல்லியதாகவும் நிற்க வேண்டும். அறுபட்ட மரம் ரம்பத்தைக் கவ்வி உங்கள்மேல் எகிறாமல் காப்பது அதுதான். தொலைந்திருந்தால் ஒரு வெல்டரிடம் செய்து வாங்குங்கள். அறுக்கும்போது நடுவில் கட்டர் பிளாக்கும் சுற்றிக்கொண்டேதான் இருக்கும், அதன் மூடியைப் போட்டுவிட்டு அறுங்கள்.

பெல்ட்டில் ஏ42 என்று இருந்தால் ஏ என்பது 13 மில்லி அகல வகை, 42 என்பது உள்சுற்று அங்குலத்தில். இரண்டு பெல்ட் ஓடும் புல்லியில் ஒன்று அறுந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். இரண்டு புல்லியின் முகத்திலும் ஒரு நூலைப் பிடித்தால் நாலு இடத்திலும் தொட வேண்டும். புல்லிக்குப் புல்லி 40 சென்டிமீட்டர் தூரம் என்றால் கட்டைவிரலால் அழுத்தும்போது 6 மில்லி அமுங்கும் அளவுக்கு விறைப்பு. அதற்கு மேல் இழுத்தால் பேரிங்தான் விலை கொடுக்கும்.

முதல் ஓட்டம்

கையில் கட்டிய கயிறு, காப்பு, மோதிரம், வாட்ச் எல்லாம் கழற்றுங்கள். லுங்கி வேண்டாம், கையுறையும் வேண்டாம். கையுறை நூல் சிக்கினால் கையும் சேர்ந்து போகும். மாஸ்க் கட்டாயம் போடுங்கள். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக 1995இலேயே வகைப்படுத்திவிட்டது. பிளேடின் நேர்கோட்டிலிருந்து ஒதுங்கி நின்று ஸ்டார்ட்டரைப் போடுங்கள். பத்து நிமிடம் வெறுமனே ஓடட்டும். பிறகு அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பேரிங் வீட்டில் கை வையுங்கள். வெதுவெதுப்பு சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் பெல்ட் அதிக விறைப்பு, அல்லது பேரிங் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. பிளேடு போல்ட்டுகளை இன்னொரு தடவை முடுக்குங்கள்.

முதல் மரம் முடிச்சில்லாத, ஆணி இல்லாத, இரண்டடிப் பலகை. ஓரடிக்குக் குறைந்த துண்டை மெஷினில் இழைக்கவே கூடாது, அதற்குக் கை இழைப்புளி இருக்கிறது. பலகையின் கடைசி இரண்டு அங்குலத்தில் மட்டும் பள்ளம் விழுந்தால் பின் டேபிள் பிளேடைவிடத் தாழ்ந்திருக்கிறது. நுனி பின் டேபிளின் உதட்டில் முட்டினாலோ, போகப் போக வெட்டு குறைந்தாலோ பின் டேபிள் உயர்ந்திருக்கிறது. மயிரளவு மாற்றி, மறுபடி பார்த்து, சரியானதும் அந்தப் பூட்டை இறுக்கிவிடுங்கள். பிறகு தொட வேண்டாம். இழைத்த பலகை இரண்டை முகத்தோடு முகம் ஒட்டி வெளிச்சத்தில் பிடியுங்கள். திக்னெஸ்ஸர் இருந்தால் ஒரே கனமுள்ள இரண்டு சிம்புகளை வலது ஓரத்திலும் இடது ஓரத்திலும் ஒரே நேரத்தில் விட்டு, வெளியே வந்ததும் வெர்னியரில் அளந்து ஒப்பிடுங்கள். மரம் பின்னால் எகிறாமல் தடுக்கும் இரும்பு விரல்கள் ஒவ்வொன்றும் தானாகத் தொங்கி விழுகின்றனவா என்று கையால் தட்டிப் பாருங்கள், பிசின் ஒட்டிய விரல் நிற்கிற இடத்திலேயே நிற்கும்.

முதல் எட்டு மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு பெல்ட் தளர்ந்திருக்கும், ஒருமுறை இழுத்து விடுங்கள். ஒரு வாரம் கழித்துப் பின் டேபிளின் மட்டத்தை மறுபடி பாருங்கள். எல்லாம் நின்றுவிட்டது என்று தெரிந்ததும் ஸ்டாண்டின் உள்கதவில் பெயின்டால் பேரிங் எண், பெல்ட் எண், புல்லி அளவு, எந்த மூலையில் எத்தனை தகடு, பூட்டிய தேதி எல்லாம் எழுதி வையுங்கள். மண்ணடிக் கடையிலிருந்து "இன்னா நம்பரு?" என்று போனில் கேட்கும்போது மெஷினைப் பிரிக்க வேண்டியிருக்காது. என்றைக்காவது நீங்கள் இதை வேறொரு பையனுக்குக் கொடுத்தால், அவனுக்கும் அந்தக் கதவைத் திறந்து பார்த்தால் போதும்.